மணல் சாக்கு

படுக்கையில் விழுந்த கணவர் தேவராஜைக் கழிப்பறைக்குத் தள்ளிப்போகும் சக்கர நாற்காலிக்கு மாற்றப் பக்கத்து வீட்டுக்காரர் வர வேண்டும். அதுவரை அவர் சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடப்பார். தானே தூக்கிவிட வேண்டும் என்று சற்குணம் அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, கட்டிலிலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கி நாற்காலியில் வைத்துப் பழகினாள். கை பழகப் பழக மணலைக் கூட்டினாள்.

“என்னை ஒருநாளாச்சும் இப்படிக் கட்டிப்பிடிச்சிருக்கியா?” என்றார் தேவராஜ்.

“அது வாய் பேசாதுங்க.”

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவருக்கு இருந்த எடையை, கடைத் தராசில் சாக்கு தொட்ட அன்று, சாக்கைத் தூக்கும் அதே பலத்தோடு அவரைத் தூக்கினாள். அவர் சட்டென்று அவள் தோளுக்கு மேலே எழும்பிவிட்டார்.

“அடேயப்பா, பயில்வான் ஆயிட்டியே!” என்று சிரித்தார்.

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. சற்குணம் அவரை இறக்காமல் நின்றாள்.