ஊசித் துளைகள்

"தூரம் அளக்க இதத்தான வரைபடத்துல குத்திக் குத்தி நகர்த்துவீங்க?" என்று கவராயத்தைத் தூக்கிக் காட்டினாள் சுகிர்தா.

"ஆமா. ஒரு குத்து ஒரு நாள் ஓட்டம். ஏன், நீயும் வரப்போறியா?" அவள் கணவன் லியோன் சிரித்தான்.

பாய்மரப் படகில் தனியாக, எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றி, புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பினால்தான் சாதனை. அவன் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவள் அவனுடைய பயண வரைபடத்தை எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தாள். பென்சில் கோட்டின் மேல் கவராய ஊசியின் துளைகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே வளைந்து போய், பசிபிக்கில் பெயர்கூட அச்சிடாத ஒரு தீவின் அருகே நின்றுவிட்டன. அங்கிருந்து வீடுவரை கோடு மட்டும் அழகாக வந்தது. அதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"தீவுக்கப்புறம் ஒரு குத்துகூட இல்லியே?"

"அதான் கோடு போட்டிருக்கேனே" என்றான் லியோன்.

"கோடு நான் பாக்கறதுக்குப் போட்டது."

"அதுக்கப்புறம் சீரான காத்து, சுகி. அளக்கவே வேண்டாம்."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்கே தூரம் பாக்கற ஆளு நீங்க."

லியோன் தீவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வரைபடத்தை மேசையில் விரித்தாள். கவராயத்தை அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அங்கேருந்து நம்ம வீடு வரைக்கும், என் கண்ணு முன்னாடி அளந்து காட்டுங்க."