டிங் டிங் எதிரி

எதிரியின் சங்கேதம் மறுபடி வந்தது. டிங்... டிங்... டிங்.

1971 டிசம்பர், போர் நேரம். மின்னி பே தீவுக்கரையில், அந்தச் சின்ன வயர்லெஸ் அறையில், கப்பலில் குலுங்கி வந்ததில் வால்வுகள் தளர்ந்து, தட்டினாலே அதிரும் ரிசீவர் ஒன்று மேசைமேல் முனகிக்கொண்டிருந்தது. அதே மேசையோரத்தில் சின்ன இரும்பு உரலை வைத்து, பல் போன அதிகாரி சொக்கலிங்கம் பாக்கு இடித்தபடியே போரை நடத்திக்கொண்டிருந்தார்.

எதிரே கடைக்கார ஜெய்னுதீன் கைதி மாதிரி நின்றார். படகுத்துறையில் அவருடைய மோட்டார் படகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியாகிவிட்டது.

"சாப், ஹேவ்லாக் தீவுல எம்பொண்ணு ஆசியாவுக்கு நிறைமாசம். படகு போனாத்தான் இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டியார முடியும். விட்டுடுங்க சாப்!"

"விடறதா? இந்த சிக்னல் உம்ம படகுலேர்ந்துதான் வருதுன்னு எனக்குப் பக்கா சந்தேகம்!"

ஆபரேட்டர் குழந்தைவேலு, தானே செய்த ஃபில்டர் பெட்டியின் குமிழ்களைத் திருகினான். தாழ்ந்த அலைவரிசைகளை வெட்டினான். ஜெனரேட்டர் உறுமல் போயிற்று. உச்சத்தில் இருந்தவற்றை வெட்டினான், கரகரப்பு போயிற்று. நடுவில் கீச்சிட்ட விசிலையும் நறுக்கியதும் வங்காள விரிகுடாவே வாயை மூடிக்கொண்டது.

டிங்... டிங். எதிரி மட்டும் அசையவில்லை.

"சார், எதை வெட்டினாலும் இது போகமாட்டேங்குது."

"எப்படிய்யா போகும்? அவன் மெஷின் அப்படி!" எதிரியின் திறமையில் சொக்கலிங்கத்துக்கே ஒரு பெருமை வந்துவிட்டது.

குழந்தைவேலு தலையைச் சொறிந்தான். கடைசியில் ஏரியல் கம்பியையே பிடுங்கிப் போட்டான்.

டிங்... டிங்.

"பார்த்தியா! ஏரியல் இல்லாமலே வருதுன்னா எவ்வளவு பவர்! பயல் ரொம்பப் பக்கத்துலதான் இருக்கான். மெயின்லேண்டுக்குத் தந்தி கொடு, ஜல்தி!"

ஆணை பிறப்பித்த களைப்பில், இடித்த பாக்கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சிக்னல் சட்டென்று நின்றது.

சொக்கலிங்கத்தின் முகம் வெளுத்தது. "ஐயையோ, நாம பேசினதைக் கேட்டுட்டான்!"

ஜெய்னுதீன் ரிசீவரைப் பார்த்தார். காலியான உரலைப் பார்த்தார். பூட்டுச் சாவிக்காகக் கையை நீட்டியபடியே பணிவாகச் சொன்னார்:

"இன்னும் ரெண்டு பாக்கு இடிங்க சாப், எதிரி வருவான்."