பனிக்கு ஏத்த டயர்

"பொண்ணு பாக்கற நேரத்துல மாப்ள கிட்ட போய் டயரப் பத்தி இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள் சரோஜா.

"கனடாவுல ஐஸ் ரோட்டு மேல லாரி ஓட்டறவன்டி. டயரு தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு அப்பால அழணுமா?" என்றார் பூபாலன்.

அவரும் லாரிக்காரர்தான். ஆனால் படாளம் ரோட்டில் அவர் பார்த்த பனியெல்லாம் மார்கழியில் கண்ணாடியில் படிவதுதான். அதனாலென்ன? ஒரு வாரமாக யூடியூப் பார்த்துப் பார்த்து, பனி டயரில் டாக்டர் பட்டம் வாங்காத குறை.

தரகர் கொண்டுவந்த வரன் பார்த்திபன், முதன்முறையாக போனில் முகம் காட்டினான்.

"பனில இன்னா டயரு போடுவ தம்பி?"

"குளிர்ல இறுகாத மெத்து ரப்பர் மாமா. எல்லாச் சக்கரத்துக்கும் அதான்."

"ஐஸ்ல வழுக்காம புடிக்கணுமே?"

"அதுக்குத்தான் பட்டன் மேல வெங்காய வெட்டு இருக்கணும்."

"சரோ, இவருதான் மாப்ள!" என்று தொடையைத் தட்டினார் பூபாலன். தட்டிய கை அப்படியே நின்றது.

டயரில் மேடாக நிற்கும் ரப்பர் பட்டன்கள் மேல் இருக்கும் அந்தப் பொடிக் கீறல்களுக்கு இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாமல், சோறு தின்னும்போது அவராகவே வைத்த பெயர் அது. கேட்டவர்கள் பெண்டாட்டியும் மகளும்தான்.

மெல்லத் திரும்பினார். மகள் காயத்ரி காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா பேசிகினு கீறீங்க?"

"மூணு வருஷமா" என்று கனடாவும் காலண்டர் பக்கமும் ஒன்றாகப் பதில் சொல்லின.

"அப்புறம் இன்னாத்துக்குடி என்ன ஒரு வாரமா பனில நிக்க வெச்சீங்க?"