நாற்பதில் ஓடும் கார்

"மூணாவது தடவை வர்றேன். ஏபிஎஸ் விளக்கு மறுபடியும் எரியுது. பிரேக் நடுவழியில கைவிட்டுடுமோன்னு நாற்பதைத் தாண்டவே பயமா இருக்கு" என்றார் பழைய காரின் சொந்தக்காரர். அவர் மனைவி கைப்பையை அணைத்தபடி பக்கத்தில் நின்றாள்.

மெக்கானிக் பானட்டுக்குள் தலையை நுழைத்தார். "போன தடவை சென்சாரையே மாத்தினேன் சார். இப்போ அதோட ஒயர் கழண்டு கிடக்கு."

"எலியா?"

"எலி கடிக்கும். லாக்கை அமுக்கிக் கழட்டாது. யாரோ கை வெச்சிருக்காங்க."

"மாடி வீட்டுக்காரன்! பார்க்கிங் தகராறுக்குப் பழிவாங்குறான்!" போனை எடுத்துக்கொண்டு சண்டை போட வெளியே பாய்ந்தார் அவர்.

மனைவி மெல்ல அருகில் வந்தாள். "அண்ணா, அது நான்தான். விளக்கு எரியலைன்னா மனுஷன் நூத்தி இருபதுல பறக்குறார். நான் கத்தினா காதுல ஏறாது. அந்தப் பொட்டு வெளிச்சத்துக்கு மட்டும் அடங்குறார்."

"அவசரத்துல பிரேக் அடிச்சா வண்டி சறுக்குமேம்மா?"

"நாற்பதுல போறவருக்கு என்ன அவசரம்?"

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "பலே மூளை! எந்த ஒயர்னு யாரும்மா காட்டினது?"

அவள் தயங்கினாள். "வீட்டுல போய்த் திட்டக் கூடாது. உங்க சம்சாரம்தான்."

சிரிப்பு பாதியில் நின்றது. வாசலில் நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தார் மெக்கானிக். அதிலும் போன மழைக்காலத்திலிருந்து அதே விளக்கு எரிகிறது. பிரித்துப் பார்க்க நேரமில்லாமல், தயாரிப்பிலேயே கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அவரும் நாற்பதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.