ட்யூப்லைட் பார்த்த பொருத்தம்

ரவிக்கைத் துணி தேடி மேட்சிங் கடைக்கு வந்தது மயில்கழுத்து நிறப் புடவை ஒன்று. வாங்கித் தர வந்தவள் வாசுகி.

கடையின் ட்யூப்லைட்டுக்குத் தரகர் புத்தி. "மூணாவது அடுக்குல இருக்கிற துணி உனக்காகவே பிறந்தது" என்றது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துளி வித்தியாசம் இல்லை. புடவைக்கு வெட்கத்தில் மடிப்பே கலைந்துவிட்டது.

"எதுக்கும் வெயில்ல ஒரு தடவை பார்த்துடுறேன்" என்று இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோனாள் வாசுகி.

"அடப்பாவி, நீ பச்சையா?" என்று அலறியது புடவை. "உள்ளே நீலமாத்தானே இருந்தே!"

"நீ மட்டும்? உள்ளே எவ்வளவு அடக்கமா இருந்தே!" என்றது துணி.

பிறகு இரண்டும் சேர்ந்து வெயிலின் மேல் பாய்ந்தன. "நீதானே எங்க நிறத்தைக் கெடுத்தே?"

"நான் எல்லா நிறத்தையும் கொண்டாந்து கொட்டுறேன். வேண்டியதை நீங்க முழுங்கிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புறீங்க. அதுதான் பார்க்கிறவங்க கண்ணுல படுது" என்றது வெயில். "உள்ளே இருக்கிற ஆளு பாதி நிறத்தைக் கொண்டு வரவே இல்லை. அப்புறம் எங்கிருந்து சண்டை வரும்?"

வாசுகி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"இதைக் கட்டப்போறது கல்யாண மண்டபத்துக்குள்ளதானே?" என்றபடி உள்ளே போனாள். "ஒரு மீட்டர் வெட்டுங்க."

ட்யூப்லைட்டின் கீழே இரண்டும் மறுபடி ஒரே நிறம். கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.

புடவை துணியின் காதோரம் சொன்னது: "நமக்குள்ள ஒரு ஒப்பந்தம். பகல்ல சேர்ந்து வெளியே போகவே வேண்டாம்."