பத்தொன்பது புள்ளிகள்

"இங்க வாயத் தொறந்தீன்னா வூட்டுப் பக்கம் வந்துடாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் பக்கிரி.

"அது என் வூடுய்யா. சுனாமிக்கு அப்புறம் என் பேர்லதான் குடுத்தாங்க" என்றாள் அவன் மனைவி அஞ்சலாட்சி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வைத்திக்குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. கடலுக்குள் காற்றாலைக் கோபுரங்கள் நடப் போகிறார்களாம். எங்கே நடலாம் என்று ஊரைக் கேட்க வந்திருந்தார் அதிகாரி. சுவரில் கதவு அகலத்துக்குக் கடல் வரைபடம். அதில் கோபுரங்களுக்கென்று கட்டம் போட்டிருந்த இடம் முழுக்க வெறும் நீலம்.

"மீன் பிடிக்கிற இடத்தைக் குறிச்சுக் கொடுங்க. ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு மைல் விட்டுடுவோம். குறிக்காத இடத்தைக் காலின்னு எழுதிக்குவோம்" என்றார் அவர், மூன்றாவது முறையாக.

ஒருவரும் அசையவில்லை. கடலடியில் மீன் அடையும் பாறைத் திட்டை அவர்கள் பார் என்பார்கள். தன் பார் எங்கே இருக்கிறது என்று கூடப்பிறந்த தம்பிக்கே சொல்லாத ஊர் அது. கரையிலிருக்கும் மேரி கட்டடமும் மில் புகைக்கூண்டும் கடலிலிருந்து ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் பக்கிரிக்கு ஒரு பார் இருந்தது. அதை வைத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. என்றோ ஒரு நாள் மனைவியிடம் மட்டும் உளறியிருந்தான்.

"காலியா?" அஞ்சலாட்சி எழுந்துவிட்டாள். "அப்போ இத்தினி வருசமா நாங்க இன்னா காத்தையா வித்துனு இருந்தோம்?"

"உக்காருடி" என்று முந்தானையைப் பிடித்தான் பக்கிரி. உருவிக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு மைல்னா இதுல எவ்ளோ சார்?"

"ரெண்டு விரல் அகலம் இருக்கும்மா."

"லைட் ஹவுஸ் எங்க இருக்குது? துறைமுகம்?"

அதிகாரி காட்டினார். சிவப்புப் பேனாவை வாங்கி ஒரு புள்ளி வைத்தாள். விரலால் அளந்து, தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"யோவ் பக்கிரி, உன் பொண்டாட்டி காட்டிக் குடுக்கிறாய்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்கிரி கழுத்தை நீட்டி வரைபடத்தைப் பார்த்தான். கடலில் கண்ணை மூடிக்கொண்டு போகிற இடம், காகிதத்தில் எது என்று அவனுக்குப் புலப்படவில்லை.

பத்தொன்பது புள்ளி வைத்தபின் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையெழுத்து போடு சார். சீலும் வை. நாளைக்கு இல்லன்னு சொல்லக் கூடாது."

இவ்வளவு ஒத்துழைப்பை எதிர்பார்க்காத அதிகாரி, சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பக்கிரி வெடித்தான். "விடிஞ்சா நம்ம பாருல நாப்பது படகு நிக்கப் போவுது. பதினஞ்சு வருசமா வாயக் கட்டினு இருந்தேன்டி."

"எங்கிட்ட கட்டலியே."

உள்ளே அதிகாரியின் உதவியாளர் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. "சார், எல்லாப் புள்ளிக்கும் ஒரு மைல் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கோபுரம் நட இடமே மிஞ்சல சார்."

பக்கிரிக்கு அப்படியும் மனசு ஆறவில்லை. "அதுக்குன்னு என் பாரைத் தூக்கி ஊருக்குக் குடுத்துட்டியே."

"உன் பாரு எந்தப் புள்ளியிலயும் இல்லய்யா, ஒரு வட்டத்தோட ஓரத்துல மூச்சு காட்டாம கெடக்குது" என்றாள் அஞ்சலாட்சி. "அந்த நாப்பது படகும் நாளைக்குப் போயி சேத்த அள்ளினு வரட்டும்."