ஜன்னலில் தேங்கிய சூடு

வேலூரில் தணிகாசலத்தின் மாடி வீட்டு ஜன்னலில் ஒரே ஓர் அணு தடிமனுள்ள படலம் ஒட்டியிருந்தது. வெயிலின் சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. அது சரியாகத் தள்ளவில்லை என்று அவர் புகார் கொடுத்தார்.

நிறுவனத்திலிருந்து ரெஹானா வந்தாள். நுண்கேமராவைக் கண்ணாடிமேல் மெதுவாக நகர்த்தி, சூடு பரவும் விதத்தைத் திரையில் பார்த்தாள்.

"ரெண்டு எடத்துல சூடு தேங்குது சார். யாரோ தினமும் நெத்திய வச்சி நிக்கிறாங்க. தோல் எண்ணெய் படிஞ்சிருக்கு."

"இங்க யாரும் நிக்கறதில்ல" என்றார் தணிகாசலம்.

ஜன்னலுக்கு எதிரே மருந்துக்கடை. அவர் மகள் தாரிணி அங்கேதான் வேலை பார்த்தாள். பெற்றோர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டில் இரண்டு வருடமாக அவளோடு பேசுவதில்லை.

"நான்தாங்க" என்றாள் அவர் மனைவி வனஜா. "மத்தியானம் நீங்க தூங்கும்போது."

"இது உங்க உயரம்மா" என்றாள் ரெஹானா. "இன்னொண்ணு அரையடி மேல இருக்கு."

வனஜா கணவரைப் பார்த்தாள்.

"நீ கோயிலுக்குப் போறப்ப" என்றார் அவர்.

"தொடச்சா சரியாயிடும். தொடச்சிடட்டுமா சார்?"

"தொடச்சிடும்மா." அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வனஜா, வா, கீழ போயிட்டு வரலாம்."

ரெஹானா கண்ணாடியைத் துடைத்து, படிவத்தில் 'பழுது இல்லை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இல்லாததால், ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்து அவளும் மருந்துக்கடைக்குப் போனாள். தாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் பேனாவை நீட்டினாள்.